கறுப்பு ஒன்று இல்லாத சோறு

செவ்வாய்க்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் திருவண்ணாமலைப் பேருந்து என்னைச் செஞ்சியில் இறக்கிவிட்டது. மார்கழிப் பனி. ஊரைச் சுற்றி மூன்று மலை இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. முந்தின இரவு கோயம்புத்தூரில் ஏறியவன். கையில் கருவிப்பெட்டி, தோளில் ஒரு பை, சாயங்காலமே திரும்பிவிடலாம் என்ற நினைப்பு.

அரிசி ஆலைகளில் கறுப்பரிசியைப் பிரித்தெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். இருபது வருடமாகத் தமிழ்நாடு முழுக்கச் சுற்றுகிறேன். ஆனால் சுற்றிப் பார்த்தேன் என்று சொன்னால் பொய். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் கும்பிட்டிருக்கிறேன். எந்த ஊரானாலும் பேருந்து நிலையம், ஆலை, மறுபடி பேருந்து நிலையம். "நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்று என் மனைவி சொல்வாள். எனக்கு வேலை இருக்கிறது என்பதால் அந்தப் பழமொழி பொருந்தாது என்று நான் வாதாடுவேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. "இன்னா வேணும்?" என்றார் கடைக்காரர். எங்கள் ஊரில் பிச்சைக்காரரையும் "என்னங்க" என்றுதான் கேட்போம். முகம் சுளித்துக்கொண்டு டீ கேட்டேன். பன்னிரண்டு ரூபாய். ஏலக்காய் தட்டிப் போட்ட டீ, நன்றாகவே இருந்தது. ஆலைக்காரருக்குத் தொலைபேசினேன். "தோ வந்துட்டேன் சார்" என்றார்.

இந்தத் 'தோ' என்ற ஓரெழுத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். 'இதோ' என்பதன் சுருக்கம் அது. செஞ்சிக்காரர் "தோ" என்றால் கிளம்பப் போகிறார் என்று பொருள். "தோ கிட்டக்கதான்" என்றால் இரண்டு கிலோமீட்டரும் இருக்கலாம், இருபதும் இருக்கலாம். இது தெரியாமல் நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையோரம் வந்து நின்றேன். இரண்டாவது டீயும் குடித்து முடித்த பிறகு ஒரு பைக் வந்து நின்றது.

வந்தவர் தண்டபாணி. அறுபதை நெருங்கும் வயது, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மாத்திரை அட்டை. திண்டிவனம் சாலையில் சின்ன ஆலை வைத்திருக்கிறார். வண்டியில் போகும்போதே சொன்னார். "மெதுவாதான் ஓட்டுவேன் சார், கோச்சிக்காத. டென்ஷன் ஆவக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பதறாத காரியம் செதறாது." சைக்கிள் ஒன்று எங்களை முந்திப் போனது.

ஆலையில் அவர் மனைவி செல்வி காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வெள்ளிக்கெழமக்குள்ள ஆயிடுமா?"

வெள்ளிக்கிழமை அமாவாசை. செஞ்சியிலிருந்து இருபது கிலோமீட்டர் தொலைவில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில். அமாவாசையன்று அங்கே கூடும் கூட்டத்துக்குக் கணக்கில்லை. அந்தக் கூட்டத்துக்குச் சோறு போடுவதாகச் செல்வி வேண்டிக்கொண்டிருக்கிறார். காரணத்தையும் அவரே சொன்னார்.

"போன மார்கழியில ஒரு ஆளு வந்து, உன் அரிசியில கறுப்பு கறுப்பா கெடக்குதுன்னு நடு ரோட்ல நின்னு கத்திட்டுப் போனான். அன்னிக்கிதான் இவருக்கு நெஞ்சுவலி வந்துது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வாசல்ல ஒக்காந்துகினு தாயிகிட்ட சொன்னேன். இவர எழுப்பி ஊட்டுக்கு அனுப்பு, உன் வாசல்ல கறுப்பு ஒண்ணு இல்லாத சோறு போடறேன்னு. அப்பறம்தான் இந்த மிசினே வாங்கனோம்."

அரிசி மூன்று மூட்டை, அவர்கள் நிலத்திலேயே சொர்ணவாரிப் பட்டத்தில் விளைந்தது. பக்கத்து ஆலையில் கொடுத்துப் பிரித்துக்கொள்ளலாமே என்றேன். செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தார். "வேற மில்லுல ஓட்டினா அது எங்க வேண்டுதலா?"

இயந்திரத்தைத் திறந்தேன். இதன் வேலை எளிதானது. அரிசி ஒரு சரிவில் மழைபோல் இறங்கும். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். கறுப்புத் தெரிந்தால் காற்றை ஊதி அந்த மணியைத் தனியாகத் தள்ளிவிடும். இந்த இயந்திரமோ நல்ல அரிசியை எல்லாம் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது. ஏன் என்று பார்த்தால், கண்ணாடி முழுக்கக் கீறல். யாரோ வெறிகொண்டு தேய்த்திருக்கிறார்கள். ரப்பர் ஓரத்தில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இதை யாருங்க தேய்ச்சது?" என்று கேட்டேன். செல்வி கணவரைப் பார்த்தார். தண்டபாணி கூரையைப் பார்த்தார். நெல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அஞ்சலை என்கிற வேலைக்காரப் பெண்மணி தரையைப் பார்த்தார். "தூசி தட்டியிருப்பாங்க சார்" என்றார் தண்டபாணி.

தூசி தட்டினால் இப்படிக் கீறாது. கண்ணாடியை மாற்றுவதைத் தவிர வழியில்லை. கோவைக்குச் சொல்லி அனுப்பச் சொன்னேன். வந்து சேரும்வரை நான் இங்கேயே இருக்க வேண்டும் என்றார் மேலாளர். விடுதி அறையில் போய்ப் படுத்துக்கொண்டு கூரை மின்விசிறியைத் திட்டினேன்.

புதன்கிழமை காலை பார்சல் அலுவலகத்தில் விசாரித்தேன். "தோ வந்துடும் சார்" என்றார்கள். அர்த்தம் புரிந்துவிட்டதால் கோபம் வரவில்லை, சோர்வுதான் வந்தது. வெளியே தண்டபாணி பைக்கோடு நின்றார். "ரூம்ல ஒக்காந்துகினு இன்னா பண்ணப் போற? வா, கோட்டையப் பாத்துட்டு வரலாம்." எனக்கு ஐம்பத்திரண்டு வயது. என் அக்காவையும் மேலாளரையும் தவிர யாரும் என்னை ஒருமையில் அழைத்துப் பல வருடம் ஆகிறது. ஏறி உட்கார்ந்தேன்.

பனி விலகியிருந்தது. அப்போதுதான் முதன்முதலாக அந்த மலைகளைப் பார்த்தேன். எங்கள் பக்கத்து மலைகள் பச்சைப் போர்வை போர்த்திப் படுத்திருப்பவை. இவை அப்படியில்லை. யாரோ உருண்டைப் பாறைகளை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, அடுக்க மறந்து போனதுபோல் கிடக்கின்றன. இடுக்குகளில் புதர். அந்தக் குவியலின் உச்சியில் மதில். மதிலுக்கு மேலும் மதில். இதைக் கட்டியவர்களுக்கும் தாக்க வந்தவர்களுக்கும் பொறுமை ரொம்ப இருந்திருக்க வேண்டும்.

நுழைவுச்சீட்டு இருபத்தைந்து ரூபாய். தண்டபாணி கல்யாண மகாலின் புல்வெளிவரை வந்து நின்றுவிட்டார். "எனுக்கு இதான் எல்ல. ஊட்ல தெரிஞ்சா தொலச்சிடுவா. நீ ஏறிட்டு வா, நான் இங்கியே இருக்கேன்." மூன்று மலைகளில் உயரமான ராஜகிரியை அவர் நிமிர்ந்து பார்த்த விதத்தில் ஏக்கம் இருந்தது. சின்ன வயதில் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி ஏறி இறங்குவாராம்.

ஏறினேன். பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். ஒரு குரங்கு என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போய், மூடியைத் திருகித் திறந்து, நான் பார்க்கப் பார்க்கக் குடித்தது. மேலே போகப் போகப் படிகள் ஒடுங்கின. உச்சிக்குச் சற்று முன்னால் மலை பிளந்து கிடக்கிறது. அதன்மேல் ஒரு சிறிய பாலம். கீழே பார்க்காமல் அதைத் தாண்டினேன்.

உச்சியில் காற்று. கீழே ஏரிகள் சில்லறைக் காசுகளாகச் சிதறிக் கிடந்தன, நடுவே நடவு முடிந்த வயல்கள். "அதோ தெரியுது பாரு, திருவண்ணாமலை" என்று ஒருவர் தன் மனைவிக்குக் கை காட்டினார். எனக்கு மேகம்தான் தெரிந்தது. மாலைப் பேருந்து, மேலாளர், பார்சல் எதுவும் நினைவில் வரவில்லை. ஒரு பாறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வேலை நாளில், வெயிலில், சும்மா. அந்தச் சுகத்தை எனக்கு இதற்கு முன் யாரும் சொல்லித் தரவில்லை.

இறங்கி வந்தபோது தண்டபாணி அவித்த பனங்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தார்.

"இன்னா, ராஜா இருந்தாரா?"

"இல்லைங்க. ஆலைக்குப் போயிருக்காராம், தோ வந்துடுவாராம்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் நார் புரையேறிவிட்டது. டாக்டர் சிரிப்பைத் தடை செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

வியாழன் காலையும் பார்சல் வரவில்லை. சேலத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். இந்தத் தடவை நானே கேட்டேன், "இன்னைக்கு எங்கீங்க போறோம்?"

விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை. அவையில்லாமலே கோயில் எழுப்பினேன் என்று அவனே அங்கே கல்வெட்டில் பெருமைப்பட்டிருக்கிறான். உள்ளே கருவறைகள் காலியாக இருந்தன. வாசலில் இரண்டு கல் காவலர்கள் மட்டும் இன்னும் வேலையை விடாமல் நிற்கிறார்கள். உதிரிப்பாகம் ஒன்றுகூட இல்லாமல் காரியத்தை முடித்த மனிதன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அங்கிருந்து வயல் வழியாகப் பனமலை. கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் வண்டியை நிறுத்தி, இருவர் கையிலும் கைநிறையப் பச்சைக் கடலை திணித்தார்கள். ஏரி தளும்பிக் கிடந்தது. கரையில் ஒரு குன்று, குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயில். படி குறைவு என்பதால் தண்டபாணியும் ஏறினார், நின்று நின்று. ஏறுவதற்கு முன் சென்னையிலிருந்து அவர் மகள் தொலைபேசினாள். "நைனா, மாத்திர போட்டியா?" என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது. "போட்டேம்மா, மில்லுலதான் இருக்கேன்" என்று ஏரியைப் பார்த்தபடி சொன்னார்.

கோயிலின் ஒரு சிறு சந்நிதிச் சுவரில் பல்லவர் காலத்து ஓவியம். பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. தலைக்குமேல் குடை, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் தேவி மட்டும் மிச்சம். ஆயிரம் வருடத்துக்கு மேலாகியும் முகத்தில் அந்த அமைதி கலையவில்லை. கண்ணை எடுக்க முடியாமல் நின்றோம்.

"நல்ல வேள" என்றார் தண்டபாணி மெதுவாக, "இத தேங்கா நாரு போட்டு யாரும் தேய்க்கல."

திரும்பிப் பார்த்தேன்.

"நான்தான் சார் தேச்சேன். நாரும், பாத்திரம் தேய்க்கிற பவுடரும். ஊட்ல சொல்லிடாத." தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "போன வெள்ளிக்கெழம அவ மிசினுக்குப் பூச போட்டிருக்கா. வேண்டுதல் அரிசி ஓடப் போவுதுல்ல. அந்தக் கண்ணாடிதான் பளிச்சுனு இருந்துது, அதான் மிசினுக்கு நெத்தின்னு நெனச்சிட்டா. மஞ்ச கொழச்சி, குங்குமம் வெச்சி, இம்மாம் பெரிய பொட்டு. நான் வந்து போட்டா, அரிசி பூரா வெளிய பறக்குது. தொறந்து பாத்தா பொட்டு. அவ வர்றதுக்குள்ள எடுத்துடணும்னு அவசரத்துல தேச்சிட்டேன்."

"அவங்ககிட்டச் சொல்லியிருந்தா ஈரத்துணியிலே போயிருக்குமேங்க."

"அவ கிட்ட எப்டி சொல்றது? தான் வெச்ச பொட்டாலதான் மிசினு நின்னுடுச்சின்னு தெரிஞ்சா, தாயி வேண்டுதல ஏத்துக்கலன்னு நெனச்சி அப்டியே ஒக்காந்துடுவா சார். ஒரு வருசமா ராவெல்லாம் என் மூக்குகிட்ட கைய வெச்சி மூச்சு வருதான்னு பாக்கறவ."

இருபது வருடத்தில் இயந்திரங்கள் கெட்டுப்போகும் எத்தனையோ காரணங்களைப் பார்த்திருக்கிறேன். எலி கடித்திருக்கிறது, மின்னல் தாக்கியிருக்கிறது. இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் வைத்த பிரியத்தால் கெட்டுப்போன இயந்திரம் இது ஒன்றுதான். "கண்ணாடி தேய்மானம்னு எழுதிக்கிறேனுங்க" என்றேன்.

மத்தியானம் ஆலைக்குத் திரும்பினோம். பார்சல் வந்தபாடில்லை. விடிந்தால் அமாவாசை. செல்வி களத்தில் படுதாவை விரித்து, மூன்று மூட்டையையும் அதன்மேல் கொட்டச் சொல்லியிருந்தார். சுற்றிலும் முறங்கள். ஆலையில் வேலை செய்யும் பெண்கள் அஞ்சலை தலைமையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மிசினு ஓடாட்டி இன்னா, கை இருக்குது" என்றார் செல்வி.

நானும் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "பாருங்கடி, கோயமுத்தூரு மிசினு வந்து ஒக்காந்துகிச்சி" என்றார் அஞ்சலை. அதன்பிறகு என் பெயர் மிசினுதான். முறத்தை எப்படித் தட்ட வேண்டும், அரிசியை எப்படி விரல் நுனியால் ஒதுக்க வேண்டும் என்று பழகிக்கொள்வதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. நான் விட்ட கறுப்பை அஞ்சலை எடுத்துக் காட்டுவார். "இன்னா மிசினு, கண்ணாடி கீறிடுச்சா?"

தண்டபாணி எங்களுக்கு டீ வாங்கி வந்தார், கதை சொன்னார், இடையிடையே மனைவி பார்க்காதபோது தானும் ஒரு பிடி பொறுக்கினார். ஒவ்வொரு முறமும் கடைசியில் செல்வியிடம் போனது. அவர் அதை வெயிலுக்கு நேராகச் சாய்த்து மறுபடி பார்த்தார். பொழுது சாயும்வரை பார்த்துவிட்டு, மிச்சத்தை வெள்ளி விடியலில் ஆரம்பித்தோம். நான் யாரும் கூப்பிடாமலே விடுதியிலிருந்து நடந்து வந்துவிட்டேன். செல்வி என்னைப் பார்த்து, "சாப்டியா?" என்றார். எங்கள் ஊரில் என் அக்கா மட்டும்தான் என்னை அப்படிக் கேட்பாள்.

எட்டு மணிக்கு மூட்டைகளைத் தைத்து வண்டியில் ஏற்றினார்கள். செல்வியும் அஞ்சலையும் மற்றவர்களும் அதே வண்டியில் மலையனூருக்குக் கிளம்பினார்கள். வண்டி சாலை திரும்பிய கொஞ்ச நேரத்தில், பார்சல் அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். "தோ வந்துடுச்சி சார்!" என்று வெற்றி வீரனைப்போல் சொன்னார். தண்டபாணியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மாட்டி முடித்து, சோதனைக்கு அரிசியைக் கொட்டினேன். வெள்ளை ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம், சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாகப் பிரித்தது. செல்வி வழியிலிருந்தே தொலைபேசினார். கண்ணாடி வந்த சேதியைச் சொன்னதும், "மொதல்ல ஒரு பொட்டு வெச்சிட்டு ஓட்டுங்க" என்றார். தண்டபாணி குங்குமக் கிண்ணத்தோடு என்னைப் பார்த்து விழித்தார். இருபது வருடமாக எந்த ஆலையிலும் இயந்திரத்தின்மேல் பொட்டு வைக்க நான் விட்டதில்லை. வெளிக்கதவின் நடுவில் விரலை வைத்துக் காட்டினேன்.

"நெத்தி இங்கதானுங்க."

கருவிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் பைக்கிலேயே மலையனூர் போனேன். வளத்தி வழியாகச் சாலை முழுக்கப் பேருந்துகள், மஞ்சள் புடவைகள், வேப்பிலை. ஊருக்குள் நுழையவே முடியவில்லை. கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பந்தலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் தண்டபாணியும் நானும் அடுத்தடுத்து உட்கார்ந்தோம். செல்வியே சோறு போட்டார். ஒவ்வொரு இலைக்கும் குனிந்து போடும்போது அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது.

வெள்ளை வெளேரென்ற சோறு. சாம்பாரை ஊற்றிப் பிசைய விரலை வைத்தேன். கண்ணில் பட்டுவிட்டது. தொழில் புத்தி, என்ன செய்வது. ஒரே ஒரு கறுப்பு.

அது என் முறத்திலிருந்தே தப்பி வந்ததாகக்கூட இருக்கலாம். செல்வி இரண்டு இலை தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஒதுக்கி வைத்தால் பார்த்துவிடுவார். ஒரு கவளமாக உருட்டி வாயில் போட்டு விழுங்கினேன்.

பக்கத்திலிருந்து தண்டபாணி குனிந்தபடியே கிசுகிசுத்தார். "உனுக்கு எத்தினி?"

"ஒண்ணுங்க."

"எனுக்கு ரெண்டு."

அவர் இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. செல்வி எங்கள்முன் வந்து நின்றார். கேட்கப் பயந்துகொண்டே கேட்டார். "கறுப்பு எதுனா...?"

"ஒண்ணு கெடையாது" என்றார் தண்டபாணி.

"தேடிப் பாத்தேனுங்கக்கா. ஒண்ணுகூட இல்லை" என்றேன் நான்.

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று சொல்ல முடியாது, அது மார்கழி. கணவரின் இலையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோய்யா" என்று சொல்லிவிட்டு, அவர் வேண்டாம் என்பதற்குள் இன்னொரு கரண்டி போட்டார். தண்டபாணி அதையும் குனிந்து, தேடிப் பார்த்துத்தான் சாப்பிட்டார்.

மலையனூரிலிருந்தே திருவண்ணாமலைக்குப் பேருந்து கிடைத்தது. தண்டபாணி ஜன்னலோரம் நின்று ஒரு கட்டுப் பனங்கிழங்கை உள்ளே தள்ளினார். "எப்ப சார் வருவ?" என்றார். "தோ வந்துட்டேனுங்க" என்றேன். அவர் ஊர்க் கணக்குப்படி அது எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் வேலை எதுவும் இல்லாமல் வருவேன் என்பது மட்டும் நிச்சயம்.

மறுநாள் வீட்டில் என் மனைவி சோறு போட்டாள். எங்கள் கம்பெனி இயந்திரத்தில் பிரித்த அரிசி. தேடினாலும் ஒரு குறை கிடைக்காது. இருபது வருடமாகக் கறுப்பை ஊதித் தள்ளிச் சம்பாதித்த சோறு அது. நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மலையனூரில் நான் விழுங்கிய அந்த ஒரு கறுப்பு அரிசியின் ருசி இதில் இல்லை.